மாத்திரையை விட மாதம் முக்கியம்

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. கோவையில் ஐ.டி. வேலை. வேலை மாறும் இடைவெளியில், வரும் ஜூலையில் ஒரு மாதம் முதுகுப்பையோடு இந்தோனேசியாவுக்குத் தனியாகப் போகிறேன். சுலவேசித் தீவின் மக்காசரில் பெல்னி என்ற அரசு நிறுவனத்தின் கப்பல் ஏறி, கிழக்கே அம்போன் வழியாகப் பண்டா தீவுகளுக்குப் போக ஆசை. எகானமி வகுப்பு. கப்பலில் மட்டுமே ஏறக்குறைய இரண்டு நாள். ஆனால் ஊட்டி பஸ்ஸில் பர்லியார் தாண்டுவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும். வீட்டில் எப்போதும் இருக்கும் ஆன்டான்செட்ரான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சமாளிக்கலாமா? அந்தத் தேதியில் பீரியட்ஸும் வரும். தள்ளிப்போட மாத்திரை எடுக்கலாமா? நான் சைவம். அம்மா, "நடுக்கடல், ஆழம், கப்பல் கவிழ்ந்தால் என்ன செய்வாய்" என்று தினமும் அழுகிறார். திரும்பும்போது அம்போனில் இறங்குகிற அன்றே மாலை ஜகார்த்தா விமானத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். போகலாமா, வேண்டாமா?
— வாசகி, கோவை

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ஜூலையில் வேண்டாம். மக்காசரிலிருந்து பண்டா வரை ஒரே மூச்சிலும் வேண்டாம். கடிதத்தில் மாத்திரையைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். கப்பல் குமட்டலுக்கு மாத்திரை மூன்றாவது மருந்துதான். முதல் மருந்து காலண்டர், இரண்டாவது கப்பலில் நீங்கள் படுக்கிற இடம். கப்பல் மருத்துவராக வேலை பார்த்தவன், பெல்னி கப்பல்களில் சாதாரணப் பயணியாகவும் போய் வந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆஸ்திரேலியாப் பக்கமிருந்து தென்கிழக்குக் காற்று பண்டா கடல் மேல் நாள் கணக்கில் விடாமல் அடிக்கும். அதே காற்றால் ஜாவாவிலும் பாலியிலும் மழை நின்று வெயில் காயும். அதனால்தான் இந்தோனேசியாவுக்கு ஜூலை நல்ல மாதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்போனில் கணக்கு தலைகீழ். கடலைக் கடந்து ஈரத்தோடு வரும் காற்று அங்குள்ள மலைகளில் மோதுவதால் ஜூன், ஜூலைதான் அங்கே அடைமழைக் காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்கிலிருந்து இன்னொரு பருவக்காற்று வரும், அப்போதும் கடல் கொந்தளிப்பாகத்தான் இருக்கும். இந்த இரண்டு காற்றும் திசை மாறிக்கொள்ளும் இடைவெளி இருக்கிறதே, மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரையிலும், அக்டோபர், நவம்பரிலும், அப்போது பண்டா கடல் அடங்கிக் கிடக்கும். முத்துக்குளிப்பவர்கள் போலக் கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அந்த மாதங்களைப் பார்த்துத்தான் வருகிறார்கள். அம்போனுக்குப் பக்கத்தில் துலேஹு துறையிலிருந்து பண்டாவுக்கு ஓடும் அதிவேகப் படகுகூட அலை மிகுந்த மாதங்களில் அடிக்கடி நிறுத்தப்படும். படகு ஓட்டுகிறவர்களே தயங்குகிற மாதத்தை, பர்லியார் தாண்டாத வயிற்றை வைத்துக்கொண்டு நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

புதிய கம்பெனியில் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமானால் அக்டோபர் நடுவுக்கு மாற்றுங்கள். முடியாது, ஜூலைதான் என்றால் பண்டாவை இன்னொரு வருடத்துக்கு வையுங்கள். அதற்குப் பதிலாகச் சுலவேசித் தீவின் வடக்குக் கையில் இருக்கிற கொரொந்தாலோவுக்குப் போய், அங்கிருந்து இரவுக் கப்பலில் தோமினி வளைகுடாவைக் கடந்து தொகியான் தீவுகளுக்குப் போங்கள். ஒரே இரவுப் பயணம்தான், பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். மூன்று பக்கமும் நிலம் அணைத்த வளைகுடா என்பதால் ஜூலைக் காற்று அங்கே அவ்வளவாக உள்ளே வராது. நிலநடுக்கோடே அந்தத் தீவுகளை ஒட்டித்தான் போகிறது. பவளப் பாறைகளும் உண்டு, கூட்டமும் குறைவு. இதை ஆறுதல் பரிசாக நினைக்காதீர்கள். கப்பலில் முதல் அனுபவம் என்றால் நானே உங்களை அங்கேதான் அனுப்புவேன்.

அக்டோபரில் பண்டா என்று முடிவாகிவிட்டால், நேராக அம்போனுக்கு டிக்கெட் எடுக்காமல் பாவ்பாவ் வரை மட்டும் எடுங்கள். மக்காசரிலிருந்து கிழக்கே போகும் பெல்னி கப்பல்கள் பெரும்பாலும் பூத்தோன் தீவில் இருக்கும் அந்தத் துறைமுகத்தைத் தொட்டுத்தான் போகும். மக்காசரில் ஏறினால் ஓரிரவுப் பயணம். அந்த ஒரு இரவில் உங்கள் உடம்பு உங்களுக்குத் தெரிந்துவிடும். குமட்டல் தாங்க முடியவில்லை என்றால் பாவ்பாவில் விமான நிலையம் இருக்கிறது, மரியாதையாகத் திரும்பிவிடலாம். தாங்கிவிட்டது என்றால் இரண்டு மூன்று நாள் அங்கே தங்குங்கள். ஊருக்கு மேலே குன்றில் பூத்தோன் சுல்தான்களின் கோட்டை இருக்கிறது, பரப்பளவில் மிகப் பெரிய கோட்டைகளில் ஒன்று. பவளக்கல் மதிலுக்குள்ளே இன்றும் குடும்பங்கள் வீடு கட்டி வாழ்கின்றன, கோழி மேய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அடுத்த கப்பல் வந்ததும் ஏறிக்கொள்ளுங்கள். அங்கிருந்து அம்போனுக்கு ஏறத்தாழ ஒரு நாள், அம்போனிலிருந்து பண்டாவின் முக்கியத் தீவான பண்டா நெய்ராவுக்கு மறுபடியும் ஓரிரவு. இப்படித் துண்டுபோட்டால் எந்தத் துண்டும் உங்கள் பலத்தை மீறாது.

சரி, ஏன் குமட்டுகிறது? உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு உடம்பு ஏறி இறங்குகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ, எதிரே இருக்கும் சுவரையும் கையில் இருக்கும் போனையும் பார்த்து எதுவும் அசையவில்லை என்கிறது. ஒரே வழக்கில் இரண்டு சாட்சிகள் மாற்றி மாற்றிச் சொன்னால் நீதிபதி குழம்புவது போல மூளை குழம்புகிறது, அதன் விளைவுதான் கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, குளிர்ந்த வியர்வை, பிறகு வாந்தி. எல்லா அசைவும் ஒரே மாதிரி செய்வதில்லை. ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெதுவாகத் தூக்கி இறக்குகிற அசைவுதான் மனிதர்களை அதிகம் படுத்தும், கப்பல் கொடுப்பது பெரும்பாலும் அந்த மாதிரி அசைவைத்தான். மலைப்பாதை பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவர்களுக்குக் கப்பலிலும் வர வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் பஸ்ஸில் கிடைக்காத ஒன்று கப்பலில் கிடைக்கும்: பழகுவதற்கு நேரம். ஊட்டி வந்து சேர்வதற்குள் மூளைக்குப் பழகிக்கொள்ள அவகாசம் இல்லை. கடலில் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலானவர்களுக்கு மூளை பழகிவிடும். முதல் இரவு சுருண்டு கிடந்தவர்கள் மூன்றாம் நாள் காலையில் மேல்தளத்தில் நின்று சிரிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி இடம். கப்பலின் முன்பக்க அணியமும் பின்பக்க அமரமும் ஊஞ்சல் பலகையின் முனைகளாக ஏறி இறங்கும். நடுப்பகுதி, அதுவும் கீழ்த்தளம், மிகக் குறைவாக அசையும். இதில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. பெல்னியில் எகானமி படுக்கைகள் நிறைய கீழ்த்தளங்களில்தான் இருக்கின்றன. அதிகப் பணம் கொடுத்து மேலே அறை வாங்குகிறவரை விட உங்கள் வயிறு நிம்மதியாக இருக்கும். நீளமான கூடம், வரிசை வரிசையாக மேடை, அதன் மேல் ரெக்சின் மெத்தை, தலைமாட்டில் பை வைக்க இடம், இதுதான் எகானமி. டிக்கெட்டில் படுக்கை எண் இருக்கும். கூட்ட நாளில் அந்த எண்ணில் ஒரு குடும்பமே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருக்கவும் கூடும். சண்டை போடாமல் கப்பல் சிப்பந்தியிடம் டிக்கெட்டைக் காட்டி, நடுப்பகுதியில் இடம் கேளுங்கள். மல்லாந்து படுத்து, தலையை ஆட்டாமல், கண்ணை மூடிக்கொண்டாலே பாதி குமட்டல் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வெளித்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். போன் பார்க்கவே கூடாது, புத்தகமும் முதல் நாள் வேண்டாம்.

கூடத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன். விளக்கை இரவிலும் அணைக்க மாட்டார்கள். உள்ளேயே சிகரெட் பிடிப்பார்கள். தடுக்கப்பட்டதுதான், இருந்தாலும் பிடிப்பார்கள். கரப்பான்பூச்சி உண்டு. புகையும் டீசல் நாற்றமும் குமட்டலை நேராகக் கிளப்பும். அதனால் கண்ணை மறைக்கும் பட்டை, காதடைப்பான், மெத்தை மேல் விரிக்க ஒரு கைத்தறித் துண்டு, முகர்ந்து பார்க்க ஒரு சிறு தைலப் புட்டி, இவை நான்கும் பையில் மேலாக இருக்கட்டும். அந்த ஊர்ப் பெண்கள் காயூ பூத்தே என்கிற தைலத்தை நெற்றியிலும் வயிற்றிலும் தடவிக்கொள்வார்கள். அம்போனுக்குப் பக்கத்துத் தீவான புரு அதற்குப் பெயர்போனது. நீங்கள் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தால் பக்கத்துப் பாட்டி கேட்காமலே உங்கள் கழுத்தில் தடவிவிடுவார். குமட்டலை அது குணப்படுத்தும் என்று ஒரு மருத்துவனாக என்னால் சொல்ல முடியாது. கூடத்து நாற்றத்தை மறைக்கும், மனசுக்கும் இதமாக இருக்கும். தடவிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஆன்டான்செட்ரான். கீமோதெரபி வாந்திக்கும் வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் அது நல்ல மருந்து. அசைவினால் வரும் குமட்டலுக்கு அது பயன்படுவதில்லை. காரணம் எளிது. அது செரட்டோனின் என்ற ரசாயனத்தின் வழியை அடைக்கிறது. கப்பல் குமட்டல் உள்காதிலிருந்து ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற வேறு இரண்டு ரசாயனங்கள் வழியாக மூளைக்கு வருகிறது. டாம்பெரிடோனுக்கும் இதே கதைதான். நம் வீடுகளில் வாந்தி என்றாலே இந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்துப் பழகிவிட்டோம், மருந்துக்கடையிலும் கேட்காமலே இதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

உங்களுக்குப் பொருத்தமானது சின்னரிசின் என்று நினைக்கிறேன். 25 மில்லிகிராம் மாத்திரை, அசைவு தொடங்க இரண்டு மணி நேரம் முன்னால் ஒன்று, பிறகு தேவைப்பட்டால் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. பெல்னி கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் என்று சொல்ல முடியாது, சில மணி நேரம் முன்பின் ஆகும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துப் போடாமல், கப்பலில் ஏறி உங்கள் படுக்கையைப் பிடித்து உட்கார்ந்ததும் போடுங்கள். சரக்கு ஏற்றி முடித்துத் துறைமுகத்தை விட்டு வெளியேறுவதற்குள் மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிடும். வாந்தி வந்த பிறகு விழுங்கினால் பிரயோஜனம் குறைவு. குமட்டும்போது இரைப்பை தன் வேலையை நிறுத்திவிடும், மாத்திரை அங்கேயே கிடந்து அடுத்த வாந்தியில் வெளியே வரும்.

ப்ரோமெத்தசின், அதாவது அவோமின், இதைவிட வலுவானது. ஆனால் உங்களுக்கு முதல் தேர்வாக அதைச் சொல்ல மாட்டேன். அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வரும். நூற்றுக்கணக்கான பேர் படுத்திருக்கிற திறந்த கூடத்தில், பாஸ்போர்ட்டும் பணமும் இடுப்பில் இருக்க, தனியாக வந்த பெண் அப்படித் தூங்க வேண்டாம். அந்த ஊர்க் கடைகளில் ஆன்டிமோ என்ற பெயரில் டைமென்ஹைட்ரினேட் மாத்திரை தாராளமாகக் கிடைக்கும், அதுவும் தூக்கம் தருவதுதான். கையிருப்பு தீர்ந்துவிட்டால் அதை வாங்கலாம், ஆனால் சின்னரிசினோடு சேர்த்துப் போடாதீர்கள். எந்த மாத்திரையானாலும் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒன்று போட்டுப் பாருங்கள். எவ்வளவு தூக்கம் வருகிறது, வாய் எவ்வளவு வறள்கிறது என்று தெரியும். அன்று ஸ்கூட்டி ஓட்டக் கூடாது. இஞ்சி மிட்டாய் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆய்வுகளில் சிலருக்குப் பயன் தெரிந்திருக்கிறது, சிலருக்கு இல்லை, கெடுதல் எதுவும் இல்லை.

பீரியட்ஸைத் தள்ளிப்போடுவது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நம் பெண்கள் சர்வசாதாரணமாக எடுக்கிற நார்எத்திஸ்டிரோனைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். மூன்று நாள் முன்பே ஆரம்பித்து தினம் மூன்று வேளை போட வேண்டும். அதன் ஒரு சிறு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜன் வகையாக மாறுகிறது. ரத்தம் உறையும் போக்கு உள்ளவர்களுக்கும், கண்ணில் மின்னல் கோடு தெரிந்து தலைவலி வருகிற மைக்ரேன்காரர்களுக்கும் அது நல்லதல்ல. நீர் குடிக்காமல் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிற பயணத்தில் அந்த ஆபத்தைக் கூட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. அதோடு அந்த மாத்திரையே சிலருக்குக் குமட்டலைத் தரும். பீரியட்ஸ் நாட்களில் கப்பல் குமட்டல் சற்று அதிகமாக இருக்கும் என்பதும் உண்மைதான். பாவ்பாவில் துண்டுபோடுகிற திட்டம் இங்கேயும் கைகொடுக்கும்: முதல் இரண்டு நாளைக் கரையில் கழித்துவிட்டு அடுத்த கப்பலைப் பிடிக்கலாம். அப்படியும் தள்ளிப்போடத்தான் வேண்டும் என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், தோழியிடமிருந்து அட்டையை வாங்கிப் போடாதீர்கள்.

பெண்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. கப்பல் கழிப்பறை இரண்டாம் நாள் எப்படி இருக்கும் என்று நினைத்து, முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் தலைவலி, மயக்கம், சிறுநீர்த் தொற்று. குடியுங்கள். பெரிய பாட்டில் தண்ணீரைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிற வரை சரி, கடுத்த தேநீர் நிறத்துக்கு வந்தால் போதவில்லை என்று அர்த்தம். ரப்பர் செருப்பு, சோப்புத் தாள், ஒரு சின்ன டார்ச், ஐந்தாறு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். கழிப்பறைப் பிரச்சினைக்கு இதற்கு மேல் மருத்துவம் இல்லை.

சாப்பாடு டிக்கெட்டிலேயே அடங்கியது. பெட்டியில் சோறு, ஒரு துண்டு மீன் அல்லது முட்டை, கொஞ்சம் காய் வைத்துத் தருவார்கள். சைவம் என்று தனியாக எதுவும் கிடையாது. சம்பல் என்கிற மிளகாய்ச் சட்னியில் பெரும்பாலும் இறால் விழுது கலந்திருக்கும், நீங்கள் ஒதுக்கிவிட வேண்டும். வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வாழைப்பழம், உப்பு பிஸ்கட் இருந்தால் இரண்டு நாள் ஓடிவிடும். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். கப் நூடுல்ஸுக்குச் சுடுநீர் பிடித்துக்கொண்டு ஆடுகிற தளத்தில் நடக்கும்போது மட்டும் கவனம். நான் கப்பலில் கட்டுப்போட்ட காயங்களில் சுடுநீர்க் காயத்துக்கும் இரும்புப் படிக்கட்டில் விழுந்ததற்கும் தனி இடம் உண்டு. கப்பல் துறையில் நிற்கிற இடங்களில் பெண்கள் கூடையோடு உள்ளே வந்து விற்பார்கள், அவித்த முட்டை, பழம், இலையில் கட்டின சோறு. சோயாவில் செய்கிற தெம்பே, தோஃபு எங்கும் கிடைக்கும். பண்டாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் கவலையே இல்லை. பாதாம் போன்ற கெனாரி பருப்பை அரைத்த சாந்தில் கத்தரிக்காய் போட்டு ஒரு குழம்பு வைப்பார்கள், நம் எண்ணெய்க் கத்தரிக்காய் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது சொந்த வீட்டுச் சாப்பாடு. அந்தக் கெனாரி மரங்களின் நிழலில்தான் ஜாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டுக்கு முன்பு வரை உலகத்துக்கெல்லாம் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் இந்தச் சின்னத் தீவுகளிலிருந்துதான் போயின. அதற்காக 1621இல் டச்சுக்காரர்கள் பண்டா மக்களைக் கொன்று குவித்தார்கள், மிஞ்சியவர்களை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். 1667 பிரேடா ஒப்பந்தத்தில் பண்டாவின் குட்டித் தீவான ரன் டச்சுக்காரர்களிடமும், மன்ஹாட்டன் ஆங்கிலேயர்களிடமும் தங்கின. தோப்புக்குள் நடக்கும்போது இதெல்லாம் தெரிந்து நடங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: மலேரியா. மலுக்கு மாகாணம் முழுவதும், பண்டா உட்பட, மலேரியா அபாயம் உள்ள பகுதி. பாலிக்குப் போய் வந்த நண்பர்கள் எதுவும் தேவையில்லை என்பார்கள், அது பாலிக்குச் சரி. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரையை முடிவு செய்யுங்கள், டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசியையும் அப்போதே போட்டுக்கொள்ளலாம். விலை மலிவான டாக்சிசைக்ளினை எழுதிக் கொடுத்தால் கப்பலுக்கு இரண்டு எச்சரிக்கை உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் அதுவே குமட்டும். போட்டவுடன் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். கப்பலில் எப்போதும் படுத்தே இருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள். வெயிலில் தோல் சட்டென்று கறுத்துப் புண்படவும் கூடும், மேல்தளத்தில் முழுக்கைச் சட்டை போடுங்கள். ஊர் திரும்பிய பின்னும் நான்கு வாரம் அதைத் தொடர வேண்டும். அதற்குப் பிறகும் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், இந்தோனேசியா போய் வந்தேன் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். ஆழத்தைப் பற்றிய பயத்தை அவர் விட்டுவிடலாம். பண்டா கடல் சில இடங்களில் 7 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், ஆனால் ஆழம் அலையைக் கூட்டுவதில்லை. அலையை எழுப்புவது காற்று. அதற்குத்தான் மாதத்தை மாற்றச் சொன்னேன். பெல்னி 1952இல் தொடங்கிய அரசு நிறுவனம். அதன் பெரிய கப்பல்கள் 1980களிலிருந்து ஜெர்மனியின் பாப்பன்புர்க் நகரில் மேயர் கட்டுமானத் தளத்தில் கட்டப்பட்டவை, ஏறத்தாழ 145 மீட்டர் நீளம், இரண்டாயிரம் பேரைச் சுமக்கிற இரும்புக் கப்பல்கள். அதற்காக ஆபத்தே இல்லை என்று அம்மாவிடம் பொய் சொல்ல மாட்டேன். 1981 ஜனவரியில் அதே நிறுவனத்தின் தம்போமாஸ் 2 என்ற கப்பல் ஜகார்த்தாவிலிருந்து சுலவேசிக்குப் போகும் வழியில் தீப்பிடித்து மூழ்கி நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பிலிப்பீன்ஸில் 1987 டிசம்பரில் தோன்யா பாஸ் என்ற பயணிகள் கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி எரிந்ததில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, அனுமதித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். இந்த இரண்டிலும் உயிரைக் குடித்தது தீ. கூட்டம் அந்தத் தீயிலிருந்து தப்ப வழியில்லாமல் செய்தது.

அதனால் உங்கள் வேலை என்ன? ரமலான் பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்பின் வாரங்களில் ஏறவே ஏறாதீர்கள், ஊர் திரும்புகிற கூட்டம் நடைபாதையிலும் படிக்கட்டிலும் படுத்திருக்கும். ஏறியதும் பையை வைத்துவிட்டு, உங்கள் படுக்கையிலிருந்து வெளித்தளத்துக்கு இரண்டு வழிகளை நடந்து பாருங்கள். எத்தனையாவது தூணில் திரும்ப வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள், புகை சூழ்ந்தால் கண் உதவாது. உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். டிக்கெட் உங்கள் பெயரிலேயே, பாஸ்போர்ட் எண்ணோடு இருக்க வேண்டும், பயணிகள் பட்டியலில் பெயர் இல்லாதவரை யாரும் தேட மாட்டார்கள். இவ்வளவையும் செய்துவிட்டுப் பண்டாவில் இறங்கி, ரன் தீவுக்கோ ஹத்தா தீவுக்கோ போகிற சின்ன மரப்படகில் அசட்டையாக ஏறிவிடாதீர்கள். எனக்குப் பெரிய கப்பலை விட அந்தப் படகுதான் பயம். உயிர்காப்பு உடை இல்லாத படகு, பிற்பகலில் காற்று எழுந்த பிறகு கிளம்புகிற படகு, இரண்டுக்கும் மறுப்புச் சொல்லுங்கள். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

தனியாகப் போகிற பெண் என்பது பற்றி. கைக்குழந்தையோடு இருக்கிற குடும்பத்துக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். கதவோரமும் படிக்கட்டோரமும் வேண்டாம், திருட்டு நடப்பது பெரும்பாலும் கப்பல் துறையில் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில், கூட்டம் ஏறி இறங்கும்போதுதான். அப்போது கழிப்பறைக்குப் போகாதீர்கள், பையின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருங்கள். எங்கே போகிறாய், கல்யாணம் ஆகிவிட்டதா, சாப்பிட்டாயா என்று கூடமே கேட்கும். இந்தியா என்றதும் ஷாருக் கானைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். கடல் மூண்டெழுகிற இரவில் உங்களுக்கு வாந்திப் பை பிடிக்கப்போவது அந்தக் கேள்வி கேட்ட அக்காதான். யாராவது ஆண் தொந்தரவு கொடுத்தால் உடனே சத்தமாகச் சொல்லுங்கள், பெண்கள் எழுந்து வருவார்கள். கப்பலில் சிறிய கிளினிக்கும் இருக்கும், எந்தத் தளத்தில் என்று ஏறியதும் விசாரித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் கப்பலின் பெயர், ஏறும் துறை, இறங்கும் துறை மூன்றையும் எழுதிக் கொடுங்கள். நடுக்கடலில் சிக்னல் இருக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சேரும் நேரம் என்று அட்டவணையில் போட்டிருப்பதோடு ஒரு முழு நாளைக் கூட்டி அவரிடம் சொல்லுங்கள். அதே கணக்கை உங்கள் விமானத்துக்கும் போடுங்கள். அம்போனில் இறங்குகிற அன்றே மாலை விமானம் என்பதை இன்றே ரத்து செய்யுங்கள், குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வேண்டும். பண்டாவுக்குக் கப்பல் தினமும் வருவதில்லை, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரப் பல நாள் ஆகலாம். சிறிய விமானம் உண்டு, அதை நம்பித் திட்டம் போட முடியாது. இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் தருகிற விசா 30 நாள், இன்னும் 30 நாள் ஒருமுறை நீட்டிக்கலாம். ஒரு மாதப் பயணத்தின் கடைசி வாரத்தில் பண்டாவை வைத்து, கப்பல் தாமதமாகி, விசா முடிந்துவிட்டால் ஒரு நாளுக்குப் பத்து லட்சம் ரூப்பியா அபராதம். பண்டாவை முதல் பாதியில் முடித்துக்கொள்ளுங்கள்.

கரை இறங்கியபின் ஒரு நாள், இரண்டு நாள் தரை ஆடுகிற மாதிரி இருக்கும். அதற்கு மருந்து வேண்டாம், நடந்தால் போய்விடும். ஒரு மாதம் தாண்டியும் போகவில்லை என்றால் காட்டுங்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று: உங்களுக்கு ஒற்றைத் தலைவலி உண்டா? பஸ்ஸில் சுலபமாக வாந்தி எடுக்கும் இளம்பெண்களில் பலருக்கு அது இருக்கும். இருந்தால் குமட்டல் இன்னும் கடுமையாக வரும், மேலே சொன்ன மாத்திரைகளிலும் மாற்றம் தேவைப்படும். கண் அழுத்த நோய், ஆஸ்துமா, வேறு தினசரி மருந்து ஏதாவது இருந்தாலும் சேர்த்து எழுதுங்கள். அதற்குப் பதில் வருகிற வரை மருந்துக்கடைக்குப் போக வேண்டாம், கப்பல் தேதியை மட்டும் அக்டோபருக்கு மாற்றி வையுங்கள்.